ஆலைக்குள்ள மூணாவது கதவு

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலை பார்க்கிறவங்களுக்கும், அங்கே ஹெச்.ஆர். சீட்டில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் என்ஃபீல்டு இந்தியா. அதே 1948-ல்தான் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தது. அதன் 19-வது பிரிவு கழிப்பறை பற்றியது. ஆணுக்குத் தனியா, பெண்ணுக்குத் தனியா. அன்னைக்கு அது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனா ஒரு திருநங்கை எந்தக் கதவைத் தட்டுவார்? அந்தக் கேள்வியே சட்டத்துக்கு வரலை.

கழிப்பறையில என்ன சார் இருக்குன்னு கேட்காதீங்க. எட்டு மணி நேர ஷிப்ட், மேலே தகரக் கூரை. போக இடமில்லைன்னா ஆளுங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சிடுவாங்க. அடுத்து சிறுநீர்த் தொற்று, கிட்னி கல். நான் மாத்திரை எழுதலாம், கதவு எழுத முடியாது.

2014 ஏப்ரல் 15. நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2019 சட்டம் வேலையில் பாகுபாடு கூடாதுன்னு சொன்னது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கணும்னும் சொன்னது. 2020 விதிகள் இன்னும் கீழே இறங்கி, யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுக் கழிப்பறை, ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமா வைப்பது வரை எழுதிவெச்சது.

2021 ஜூன் 7 எனக்கு முக்கியமான தேதி. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியணும்னு ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். அப்புறம்தான் உத்தரவு. தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துறேன்'னு கிளம்பும் டாக்டர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொன்னது பலருக்கும் தெரியும். அதே உத்தரவில் ஹெச்.ஆர். துறையின் ஆள்சேர்ப்புக் கொள்கையை மாத்தணும், காப்பீடு போன்ற சலுகைகளை விரிவாக்கணும்னு இருக்கிறதை யாரும் பெருசா பேசலை.

"ஐ.டி. கம்பெனிக்குச் சரி, பட்டறைக்கு ஆகுமா?"ன்னு கேட்பீங்க. டாடா ஸ்டீல் இரும்பு உருக்கும் கம்பெனிதானே? 2019-லேயே அங்கே எல்ஜிபிடி ஊழியர்கள் தங்கள் துணையை அறிவித்து சலுகைகள் பெற வழி செஞ்சாங்க. 2021-ல் மேற்கு பொகாரோ சுரங்கத்தில் 14 திருநர்களை கனரக இயந்திரம் ஓட்ட வேலைக்கு எடுத்தாங்க.

1948 சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. அதில் ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனி கழிப்பறை. 77 வருஷம் கழிச்சு மூணாவது கதவு! சந்தோஷம்தான். ஆனா அந்தக் கதவில் போர்டு மாட்டினா, உள்ளே போறவர் யாருன்னு மொத்த ஷிப்டுக்கும் தெரிஞ்சிடும். ஆணாகவே வேலை பார்த்துட்டிருக்கிற ஒரு திருநம்பி அங்கே போவாரா? அதனால கூடவே உள்தாழ்ப்பாள் போட்ட, யார் வேணா போகலாம்ங்கிற ஒத்தை அறைகளையும் கட்டுங்க. செலவும் கம்மி.

இன்னொரு சிக்கல். நம்ம பக்கம் பாதிப் பேருக்கு மேஸ்திரிதான் ஹெச்.ஆர். கேட் பாஸ் கான்ட்ராக்டர் பேர்ல இருக்கும், அவர்கிட்ட எந்தக் கொள்கையும் இருக்காது. அதனால நாளைக்கு உள்ளே போறப்போ நோட்டீஸ் போர்டைப் பாருங்க. புகார் அலுவலர் பேர் இருக்கா? இல்லைன்னா ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் அவரேதானான்னும் சேர்த்துக் கேளுங்க.