பாறைப் பிளவும் படபடக்கும் அலைகளும்

நிலநடுக்கத்தின்போது பூமி ஒரே விதமாக ஆடுவதில்லை. சில அலைகள் ஊஞ்சலைப் போல மெல்ல ஆட்டும். சில, விநாடிக்குப் பல முறை உதறும். இருபது மாடிக் கட்டடத்தை அசைப்பவை முன்னவை. ஓரிரு மாடி வீடுகளின் சுவரைப் பிளப்பவை பெரும்பாலும் பின்னவையே. இந்த உயர் அதிர்வெண் அலைகள் எவ்வாறு பிறக்கின்றன?

1906 ஏப்ரல் 18 அன்று கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு 400 கி.மீ.க்கும் மேல் நழுவியது. சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தது. பிளவின் குறுக்கே சென்ற வேலிகள் பல மீட்டர் விலகிக் கிடந்தன. இதை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட், வளைத்த மூங்கில் விடுபட்டு நிமிர்வதைப் போலப் பாறைகள் மீள்கின்றன என்று 1910இல் விளக்கினார். இவ்விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆனால் மூங்கில் ஒரே வீச்சில் நிமிர்ந்தால் நீண்ட அலையல்லவா எழ வேண்டும்? படபடப்பு எதனால்?

விடை காண நெடுநாள் ஆயிற்று. விரைந்து துடிக்கும் அலைகள் பாறையில் சீக்கிரமே தேய்ந்து போகும். எனவே தொலைவிலுள்ள கருவிக்கு அவை எட்டுவதில்லை. பிளவுக்கு அருகில் வைத்தாலோ, பழைய கருவிகளின் முள் தாளை விட்டே ஓடிவிடும். பலத்த ஆட்டத்தைத் தாங்கி எழுதும் முடுக்கமானிகள் 1933இல் லாங் பீச் நடுக்கத்தில்தான் முதன்முதலாகப் பயன் தந்தன. 1966இல் பார்க்ஃபீல்டில், பிளவுக்கு மிக அருகே ஒரு கருவி புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறையப் பாதியைப் பதிந்தது. 1971 பிப்ரவரி 9 அன்று, சான் பெர்னாண்டோ நடுக்கத்தில், பக்கோய்மா அணைக்கருகே இருந்த கருவி புவியீர்ப்பு முடுக்கத்தையே மிஞ்சிய உதறலைக் காட்டியது! கட்டடப் பொறியாளர்கள் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

ஜப்பானியரான கெய்தி அகி, நடுக்கத்தின் அளவுக்கேற்ப அலைகளின் வலிமை அதிர்வெண்ணுடன் எப்படிக் குறைகிறது என்பதற்கு 1967இல் ஒரு விதி வகுத்தார். 1977இல் இரு கருத்துகள் வெளிவந்தன. உடைப்பின் முனை திடீரென நிற்கும்போதும், வேகம் மாறும்போதும் இவ்வலைகள் தெறிக்கின்றன என்று ரவுல் மாதரியாகா காட்டினார். சீரான சாலையில் ஓடும் வண்டி கல்லில் மோதித் தூக்கிப் போடுவதில்லையா, அதுபோல. அந்தக் கல் எது? பிளவில் ஆங்காங்கே உள்ள உறுதியான தடைகள் என்றனர், இந்தியாவில் பிறந்த சமிதா தாசும் அகியும். உடைப்பு சில தடைகளை உடைக்காமலே தாண்டி ஓடும் என்பது அவர்கள் கணக்கு.

விக்டர் சாய், கிரெக் ஹிர்த் ஆகியோர் 2020இல் வேறு வழி காட்டினர். பிளவு என்பது ஒற்றைக் கோடன்று. நொறுங்கிய பாறைகள் நிறைந்த பட்டை. நழுவும்போது அத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதுவதே படபடப்புக்குக் காரணமாகலாம் என்கின்றனர். தடையா, மோதலா, எது எந்த அளவுக்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.