இரண்டு பந்தி, ஒரே விருந்து: தைவான் வீடுகளில் ஆண்டிறுதி இரவும் முன்னோர் படையலும்

சீனச் சந்திர ஆண்டின் கடைசி இரவில் குடும்பம் கூடி உண்பதை உறவு சார்ந்த நிகழ்வு என்றும், அதற்கு முன் நடக்கும் முன்னோர் படையலைச் சமயச் சடங்கு என்றும் பிரித்தே பலரும் எழுதுகின்றனர். ஹொக்கியன் மொழி பேசும் தைவானிய வீடுகளுக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது. அங்கே நடப்பது ஒரே விருந்து. முதல் பந்தி இறந்தோருக்கு, இரண்டாம் பந்தி இருப்போருக்கு.

பிற்பகலில் முன்னோர் பெயர்ப்பலகைகள் உள்ள பீடத்தின் முன் கோழி, மீன், பன்றி இறைச்சி, சோறு, மது எல்லாம் பரப்பப்படுகின்றன. கிண்ணங்களோடு உண்ணும் குச்சிகளும் உண்டு. ஊதுபத்தி ஏற்றி முன்னோரை அழைத்துவிட்டு வீட்டார் காத்திருக்கிறார்கள். பத்தி ஓரளவு எரிந்தபின், பிறை வடிவான இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டு, 'உண்டு முடித்தீர்களா?' என்று கேட்கிறார் பெரியவர். ஒன்றின் தட்டைப் பக்கமும் மற்றதன் குவிந்த பக்கமும் மேலே தெரிந்தால் 'ஆம்' என்று பொருள். இல்லையென்றால் இன்னும் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். மரத்துண்டு இல்லாவிட்டால் இரண்டு நாணயங்கள் போதும். 'ஆம்' கிடைத்ததும் முன்னோருக்கான தாள்பணத்தை எரித்து, உணவை அடுக்களைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்குகிறார்கள். இரவு எல்லோரும் உண்பது அதைத்தான். பசியோடிருக்கும் பிள்ளைகளும் முன்னோர் கை கழுவும்வரை பொறுத்திருக்க வேண்டும். விருந்துக்கு இதைவிடத் தெளிவான வரிசைமுறை வேறில்லை.

வட தைவானில் களஆய்வு செய்த ஆர்தர் வுல்ஃப், 1974இல் வெளியான கட்டுரையில், இரண்டு பந்தியும் ஒரே விருந்து என்பதற்கு வலுவான சான்று தருகிறார். முன்னோருக்கு வைப்பது வீட்டார் உண்ணும் பக்குவத்தில் சமைத்த உணவு. ஆதரவற்ற ஆவிகளுக்கோ வீட்டுக்கு வெளியேதான் படையல். ஆக, படையல் வைக்கும் இடமே உறவினர் யார், அயலார் யார் என்று சொல்லிவிடுகிறது.

இரவுப் பந்திக்கு 'வெய்லூ' என்று பெயர். அடுப்பைச் சூழ்ந்திருத்தல் என்பது பொருள். வர இயலாத மகனுக்கும் அங்கே கிண்ணமும் குச்சிகளும் வைப்பதுண்டு. அவனது சட்டையை நாற்காலியில் போட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. உடலால் அங்கில்லாதவருக்கும் இடம் ஒதுக்குவதில் பீடமும் மேசையும் ஒன்றுபோலவே இயங்குகின்றன.

ஒரு மறுப்பு எழலாம். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் சீனப் பெருநிலத்தில் எண்ணற்ற பெயர்ப்பலகைகள் எரிக்கப்பட்டன. ஆனாலும் ஆண்டிறுதி விருந்து அழியவில்லை; அப்படியானால் படையலும் விருந்தும் வேறு வேறு அல்லவா? உண்மைதான். பீடமில்லாமலும் அந்த விருந்து நடக்கும். ஆனால் அது இரண்டாம் பந்தி மட்டுமே. 1978க்குப் பின் ஃபுஜியனிலும் குவாங்டோங்கிலும் மூதாதையர் மண்டபங்களை மக்கள் மீண்டும் எழுப்பியதை, முதல் பந்தியின் இழப்பை அவர்கள் உணர்ந்ததன் அடையாளமாகவே கொள்கிறேன்.

இரண்டு பந்திக்கும் விதி ஒன்றே என்பதை மகளின் நிலை காட்டுகிறது. மணமாகாமல் இறந்தவளின் பெயர்ப்பலகைக்குப் பிறந்த வீட்டுப் பீடத்தில் மரபுப்படி இடமில்லை. மணமானவளுக்கோ அந்த இரவில் பிறந்த வீட்டு மேசையில் இடமில்லை. கணவன் வீட்டு முன்னோருக்குப் படைத்து, அங்கேயே உண்ண வேண்டும். தாய்வீட்டுக்கு அவள் வருவது புத்தாண்டின் இரண்டாம் நாளில்.