நகராட்சியும் நாம் சுவாசிக்கும் காற்றும்

பெங்களூரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கெம்பேகௌடரின் கோட்டையைப் பற்றியும் திப்புவின் அரண்மனையைப் பற்றியும் நிரம்ப எழுதியுள்ளனர். குப்பை வண்டியின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. எனினும், ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களின் நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது அவ்வரலாறேயாகும். நாம் சுவாசிக்கும் காற்றையும், நம் தெருவிலிருந்து வெளியேறும் கழிவையும் கவனிக்கும் பொறுப்பு நகர ஆட்சியின் கைக்கு எவ்வாறு வந்தது, அதில் நம் பங்கு யாது என்பதை இம்மலரில் சுருங்க ஆராய்வோம்.

பெங்களூர் நகருக்கும், ‘தண்டு’ என நம்மவர் வழங்கும் கண்டோன்மென்டுக்கும் 1862-இல் முனிசிபாலிட்டிகள் ஏற்பட்டன. தெருவைப் பெருக்குதலும் சாக்கடையைத் துப்புரவு செய்தலும் அவற்றின் முதற்கடமைகளாயின. ஆயினும், அப்பணியின் அருமையை மக்கள் உணர்ந்தது ஒரு பெருந்துன்பத்தின் பின்னரே. 1898 ஆகஸ்டு மாதத்தில் பிளேக் நோய் ரயில் வழியே இந்நகரை அடைந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர், முகாம்கள் எழுந்தன, நோய் கண்ட வீடுகள் பல இடிக்கப்பட்டன. அக்காலத்தில் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர். பிளேக் ஆணையராக நின்று பணியாற்றியவர் கும்பகோணத்திற் பிறந்த வி. பி. மாதவராவ்.

நெருக்கமும் கெட்ட காற்றுமே இந்நோய்க்குக் காரணம் என்று அன்று பலர் கருதினர். எலித் தெள்ளே அதனைப் பரப்புகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898-ஆம் ஆண்டில்தான். அவ்வுண்மை உலகெங்கும் ஏற்கப்படச் சில ஆண்டுகள் சென்றன. கருத்து முற்றும் சரியன்றாயினும் அதனால் விளைந்த நன்மை பெரிது. மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற வீதிகளோடும், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்றே விட்ட சந்துகளோடும் வளர்ந்தன. காற்றோட்டம் என்பது நகரமைப்பின் ஓர் இலக்கணமாயிற்று. ஆனால், மல்லேசுவரத்தின் அண்டையிலேயே ஆலைத் தொழிலாளரும் கூலிக்காரரும் குடியேறிய நம் ஸ்ரீராம்புரம், குறுகிய தெருக்களும் சிறு வீடுகளுமாகவே வளர்ந்தது. ஒரே ஊரின் காற்று, ஒரு சாராருக்கு அகலமாகவும் மற்றொரு சாராருக்கு ஒடுக்கமாகவும் பங்கிடப்பட்டது எனலாம்.

நிற்க. நம் பகுதியைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. ராஜா மில்லும் மினர்வா மில்லும் பின்னி மில்லும் நம்மவர் பல்லாயிரவருக்குச் சோறிட்டன. 1936-இல் தோன்றிய மைசூர் லாம்ப் ஒர்க்ஸ் மல்லேசுவரத்தில் விளக்குகளைச் செய்தது. ஆலைப்புகையைக் கட்டுப்படுத்தக் கல்கத்தா 1905-இலும் பம்பாய் 1912-இலும் சட்டம் கண்டன. எனினும், புகைபோக்கியில் புகை எழுந்தால் அடுப்பில் உலை ஏறும் என்றே தொழிலாளர் குடும்பங்கள் எண்ணின. அதனைக் குறை கூறுவதற்கில்லை.

நாடு தழுவிய சட்டங்கள் பின்னரே வந்தன. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைந்தது. 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பின்னரே 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இன் அபாயக் கழிவு விதிகளும் தோன்றின. அதன்பின் தொழிற்சாலை நச்சுக் கழிவை வாரியம் கண்காணிக்க, நெலமங்கலம் பக்கத்துத் தாபஸ்பேட்டையில் அதனைப் பத்திரமாகப் புதைக்கும் நிலையமும் ஏற்பட்டது. தீங்கு முன்னே வரும், சட்டம் பின்னே வரும் என்பது 1898 முதலே நாம் காணும் ஒழுங்காகும்.

இதற்குள் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெரும் வணிக வளாகம் நிற்கிறது. புகைபோக்கி போயிற்று, நச்சு போகவில்லை. அது வண்டியின் பின்புறத்துக்கும் வீட்டின் மூலைக்கும் இடம் மாறிற்று. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது நற்செயலே. எனினும், வாகனப் புகையிலும் குப்பை எரிக்கும் தீயிலும் எழும் நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயாம். மூக்கு அவற்றைத் தடுக்க இயலாது. ஒரு கனமீட்டர் காற்றில் அத்துகள் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என 2009-இல் இந்தியா வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் விதித்த அளவோ வெறும் 5. நம் பகுதிக்கு அணித்தாயுள்ள நகர ரயில் நிலையத்தருகே மாநில வாரியம் காற்றை அளக்கும் கருவியை நிறுவியுள்ளது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் பெங்களூர் இடம் பெற்றது. அளப்பது வாரியம், சாலைத் தூசியை அகற்றுவதும் குப்பைத் தீயைத் தடுப்பதும் நகராட்சி.

கழிவின் கதை இன்னும் கசப்பானது. நகரின் குப்பை முழுவதும் புறநகர்க் கிராமங்களில் கொட்டப்பட்டது. கிராம மக்கள் எதிர்த்தெழவே 2012-இல் மாவள்ளிபுரமும், 2014 டிசம்பரில் மண்டூரும் குப்பையை ஏற்பதை நிறுத்தின. 2015-இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வீட்டிலேயே தரம் பிரித்தல் கட்டாயமாயிற்று: பச்சைத் தொட்டியில் ஈரக்குப்பை, சிவப்புத் தொட்டியில் ஒதுக்கக் குப்பை, பையில் உலர்குப்பை. 2016-இன் திடக்கழிவு விதிகள் ‘வீட்டு அபாயக் கழிவு’ என ஒரு தனி வகையையே வகுத்தன. செலவான மின்கலம், உடைந்த குழல்விளக்கு, பாதரச வெப்பமானி, காலாவதியான மருந்து, ஊசி, பெயின்ட் டப்பா ஆகியவை அதனுள் அடங்கும். இவற்றை வாங்கி வைக்க, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையமாவது உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. அதே 2016 டிசம்பரில், பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் 1996-இல் தொடுத்த வழக்கில், திறந்த வெளியில் குப்பையை எரிப்போருக்கு 5,000 ரூபாய், பெருமளவாயின் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தண்டம் விதித்தது.

அன்பர்களே! இவ்விதிகள் யாரைக் காக்கவென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் நம் வாசலுக்கு வரும் பௌரகார்மிகருள் தெலுங்கும் தமிழும் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர். உலர்குப்பையைப் பிரித்துப் பிழைக்கும் பெண்களிலும் நம்மவர் உளர். நாம் காய்கறித் தோலோடு வீசிய ஊசி அவர் விரலிற் குத்துகிறது. நாம் உடைத்தெறிந்த குழல்விளக்கின் பாதரச ஆவியை அவர்தம் மூக்கு முகர்கிறது. பிளேக் நாளில் வீட்டின் பின்சந்து வழியே வந்து போனவரை ஊர் காணாதிருந்தது. இன்று முன்வாசலுக்கே வருபவரையும் நாம் காணாதிருத்தல் தகுமோ?

வேறொன்றும் உண்டு. நகரின் மேற்குச் சரிவில் ஓடும் கழிவுநீர் விருஷபாவதியில் விழுகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது; அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. அக்காவிரியே மேட்டூர் அணையை நிரப்பி, நம் உறவினர் வயல்களுக்குப் பாய்கிறது. இங்கே சாக்கடையில் ஊற்றும் நஞ்சு அயலூர்ப் பொருளாய்ப் போய்விடுவதில்லை.

ஆகவே, நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. அபாயக் கழிவு நிலையம் நமக்கு அணித்தாக எங்குளது என்று நகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்டறிதல். இல்லையேல் அமைக்குமாறு கோருதல். சங்கக் கட்டிடத்திலேயே மின்கலத்துக்கும் குழல்விளக்குக்கும் ஒரு பெட்டி வைத்து, நிரம்பியதும் முறைப்படி ஒப்படைத்தல். இதுவரை ஒவ்வொரு சீர்திருத்தமும் ஒரு துன்பத்தின் பின்னரே வந்தது. அடுத்தது துன்பத்துக்கு முன்னரே, நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும்.