தைக்கத் தாங்காத சுவர்

காவிரியின் வடகரையிலுள்ள மோகனூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், நடுநிசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவருக்கு வாயுப் பிடிப்பென்று சோடாவை உடைத்துக் கொடுத்து, பொழுது விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதே நெடுங்கால வழக்கம். அந்தத் தாமதத்தில் இரத்தம் பெறாது மாண்ட இருதயத் தசை, வலி அடங்கி நோயாளி கஞ்சி குடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நெகிழ்ந்து கிழிந்துவிடுவதும் உண்டு. தேறி வந்தவர் திடீரென்று போய்விட்டார் என்பதற்கு மேல் வீட்டாருக்கு ஒன்றும் விளங்காது.

வைத்தியர்களுக்கும் வெகுகாலம் விளங்கவில்லை. கீழறைகளின் இடைச்சுவர் இவ்விதம் கிழிவதை லண்டனில் லேதம் 1845-ல் பிரேதத்தை அறுத்தே கண்டார். உயிரோடிருப்பவரிடத்தில் அதை நிர்ணயிக்க 1923 வரை காலம் சென்றது. நேற்றில்லாத கரகரத்த ஓசை இன்று ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு, மார்பெலும்பின் இடவோரம் வைத்த உள்ளங்கையில் அதிர்வும் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கும். வலக் கீழறை இரத்தத்தில் பிராணவாயு மிகுந்திருந்தால் உறுதியாகும். எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-ல் தொடங்கிவைத்த எக்கோ சோதனையோ இன்று கிழிசலைப் படுக்கையருகிலேயே காட்டிவிடுகிறது.

கண்டபின் தைக்கலாமே என்றால், ஊறிய அப்பளத்தில் ஊசியோட்டுவது போன்ற காரியம் அது. 1956-ல் ஹூஸ்டனில் டென்டன் கூலி முதன்முதலாக அதைத் தைத்தார். அதன்பின், வடு இறுகும்வரை வாரக்கணக்கில் பொறுப்பதே சம்பிரதாயமாயிற்று. பொறுத்திருக்க முடியாதவர்கள் மேசைக்கே வரவில்லை. டொரான்டோவின் டைரோன் டேவிட், மாண்ட தசையைத் தொடாமல், இடக் கீழறையின் உட்புறத்தில் சுற்றியுள்ள நல்ல தசையோடு ஒட்டு வைத்துத் தைத்து அப்பகுதியையே ஒதுக்கிவிடும் உபாயத்தைக் கண்டார்.

நம் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்தில் வேலூரில் திறந்த இருதய ரணசிகிச்சை வந்தது. 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே. எம். செரியன் தேசத்தின் முதல் பைபாஸைச் செய்தார். மோகனூர்க்காரருக்கு இரண்டும் வெகுதூரம். 2008-ல் 108 வண்டியும், 2022-ல் நாமக்கல் மருத்துவக் கல்லூரியும், 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்கச் செய்யும் 'இதயம் காப்போம்' திட்டமும் வந்தன. காலத்தில் அடைப்பு நீங்கினால் சுவர் கிழிவதே அபூர்வம்: முன்பு மாரடைப்பு கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர், அடைப்பு கரைக்கும் மருந்து வந்தபின் ஏறத்தாழ ஐந்நூற்றுக்கு ஒருவர்.

அந்த ஒருவருக்கு மட்டும் சங்கடம் தீரவில்லை. 2012-ல் வெளியான அமெரிக்கக் கணக்கில், மாரடைப்பின் முதல் ஏழு நாளுக்குள் இதற்கான ரணசிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். பிறகு பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இதைக்கொண்டு காத்திருப்பதே உத்தமம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். காத்திருக்கையில் மாண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.