ஓதமும் பருவமும்: பாக் நீரிணையில் பாய்க்கலப் பயணத்தின் காலக் கணிப்பு

முன்னுரை

இரு நிலங்களுக்கு இடைப்பட்ட குறுகிய கடலைக் கடக்கும் பாய்க்கலம், காற்றோடு நீரின் ஏற்றத்தையும் ஓட்டத்தையும் கணித்தே புறப்பட வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் இக்கணிப்பு மணிக்கணக்கில் அமைவது. டோவர் துறையில் உவா நாள்களில் (முழுமதி, மறைமதி) நீர்மட்டம் ஏறத்தாழ 6 மீட்டர் ஏறி இறங்கும். ஓதவோட்டம் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இடையிலான பாக் நீரிணையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. எனினும் இக்கடலைக் கடப்பதற்கும் கணிப்பு இன்றியமையாததாக இருந்தது. அதன் அலகு பருவம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கடலின் இயல்பு

தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்குள் பாய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஆறு மணி நேரம் காத்திருந்து இவ்வோட்டத்தைத் தவிர்க்க இயலாது. ஓதத்தின் பங்கு சிறிதாயினும், ஆழங்குறைந்த மணற்திட்டுகளின் மேல் கலம் செல்லுமிடத்தில் ஒரு சாண் நீரும் பொருட்படுத்தத் தக்கதே. ஓதவேளை நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம், அதாவது ஏறத்தாழ 2 நாழிகை, பிந்துகிறது. எனவே திதியை அறிந்தவர் ஓதவேளையையும் உய்த்துணரலாம்.

பிளினியின் சான்று

கி.பி. 77இல் நிறைவுற்ற ‘இயற்கை வரலாறு’ என்னும் இலத்தீன் நூலில் பிளினி இக்கடலைப் பற்றி நுட்பமான செய்திகளைத் தருகிறார். கடல் பெரும்பாலும் ஆறு பாசுவுக்கு (சுமார் 9 மீட்டர்) மேல் ஆழமற்றது. சில கால்களோ நங்கூரம் நிலைகொள்ளாத ஆழமுடையவை. குறுகிய கால்களில் திரும்ப வேண்டாதபடி கலங்களுக்கு இருபுறமும் முகப்பு உண்டு. மாலுமிகள் விண்மீன்களை நோக்காமல், உடன்கொண்டு சென்ற பறவைகளைப் பறக்கவிட்டு அவை செல்லும் திசையில் கரையை நாடுவர். ஆண்டில் நான்கு மாதங்களே கடலோடுவர். கோடைக் கதிர்த்திருப்பத்தை அடுத்த நூறு நாள்களைச் சிறப்பாகத் தவிர்ப்பர். அந்நூறு நாள்கள் சூன் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரையிலான தென்மேற்குப் பருவத்தோடு பொருந்துகின்றன. ஆழமின்மைக்குக் கலத்தின் வடிவமும், காற்றுக்குப் பருவத் தேர்வும் விடையாக அமைந்தன என்பது இதனால் விளங்கும்.

கணிப்பு பொய்த்தபோது

கணிப்புத் தவறினால் நேரும் இழப்பை அரசும் எண்ணிப் பார்த்தது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் கலங்கள் உடைந்தால் சரக்கைப் பகிரும் முறையை வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கலமாயின் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்காயின் இருவர்க்கும் சரிபாதி. உடைந்த கலத்தின் பொருளை அரசர்கள் பறித்துக்கொண்ட பழைய வழக்கத்தைக் காகதீய மன்னன் கணபதிதேவனின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு (13ஆம் நூற்றாண்டு) குறிப்பிடுகிறது. அவ்வழக்கத்தோடு ஒப்பிட, நயினாதீவு ஆணை வணிகனின் இடரில் ஒரு பகுதியைக் குறைத்தது எனலாம். யானை, குதிரை வரவில் மன்னனுக்கிருந்த நாட்டமே அக்கலங்களுக்குக் கிடைத்த கூடுதல் சலுகைக்குக் காரணம்.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டில் பாம்பன் கால் வெடிவைத்து ஆழப்படுத்தப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக்கப்பல் சேவை தொடங்கியது. பருவத்துக்குக் கட்டுப்பட்ட கடவை அட்டவணைக்கு உட்பட்டது. ஆயினும் 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அச்சேவையும் முடிவுற்றது. தமிழக–ஈழ உறவுகளை ஆராய்வோர் இரு கரைகளுக்கு இடையிலுள்ள தொலைவை மட்டும் அளத்தல் போதாது. ஆண்டின் எம்மாதங்களில் அக்கடல் திறந்திருந்தது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். படையெடுப்பு, வாணிகம், புலம்பெயர்வு ஆகியவற்றின் காலத்தை வரையறுக்க இப்பருவக் கணக்கு துணைநிற்கும்.