பாடநூலுக்கு வந்த நல்கை: அமெரிக்கப் பள்ளிகளில் புவி அறிவியல்

அமெரிக்கப் பள்ளிகளில் அறிவியல் பாடங்கள் புத்துயிர் பெற்றதற்கு ஸ்புட்னிக்தான் காரணம் என்பது வழக்கமான பேச்சு. அதில் பாதி உண்மை உண்டு. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான ஒதுக்கீடு 4 கோடி டாலரிலிருந்து 13.4 கோடி டாலராக ஒரே ஆண்டில் உயர்ந்தது. ஆனால் இயற்பியல் பாடத்திட்டக் குழு 1956இலேயே எம்.ஐ.டி.யில் அறக்கட்டளையின் நல்கையோடு வேலையைத் தொடங்கிவிட்டது. உயிரியலும் வேதியியலும் அடுத்தடுத்து வந்தன. அந்தப் பந்தியில் புவி அறிவியலுக்குக் கிடைத்தது கடைசி இலை, அதுவும் 1963இல்தான்.

தாமதத்துக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையிலான பத்துப்பேர் குழு 1893இல் முடித்த அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் இயற்கைப் புவியியலுக்கு மதிப்பான இடம் தந்தது. நிலவியலாளர் சேம்பர்லினும் வில்லியம் மோரிஸ் டேவிஸும் அதற்காக வாதாடியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ‘பொது அறிவியல்’ என்ற கலவைப் பாடம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே நல்கை கேட்டு வாதாட, இயற்பியலுக்கு இருந்தது போன்ற ஆசிரியர் படை புவி அறிவியலுக்கு இல்லை.

அந்தக் குறையை நிரப்பியது அமெரிக்க நிலவியல் நிறுவனம். மின்னசோட்டாவின் டுலுத் நகரில் 1959இல் ஒரு கூட்டம் நடந்தது. அதன் விளைவாக ராபர்ட் ஹெல்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆசிரியர்களுக்கான மூலநூல் ஒன்று 1962இல் வெளிவந்தது. பணம் தருபவர்களை அசைத்தது இந்த மூலநூலாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. மறு ஆண்டே கொலராடோவின் போல்டரில் புவி அறிவியல் பாடத்திட்டப் பணி தொடங்கியது. 1964 கோடையில் அறிவியலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து பாடங்களை எழுதினார்கள். அவற்றைப் பள்ளிகளில் நடத்திப் பார்த்து, திருத்தி, மீண்டும் நடத்திப் பார்த்த பிறகு, 1967இல் ஹௌட்டன் மிஃப்ளின் நிறுவனம் ‘பூமியை ஆராய்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அதைப் பாடநூலாக வெளியிட்டது. நிலவியல், வானிலை, கடலியல், வானியல் நான்கும் ஒரே அட்டைக்குள் வந்தன. அதன் பயிற்சி ஒன்றில் மாணவர் மணல் நிரப்பிய தட்டைச் சாய்த்து நீர் விடுவார். ஓடை வளைந்து, கரையை அரித்து, கீழ்முனையில் வண்டலை விசிறியாகப் படியவைப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். சாய்வை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர் சொல்லித் தரக்கூடாது. மாணவரே சாய்த்துப் பார்க்கவேண்டும் என்பதே அணுகுமுறை.

காலம் இந்த நூலுக்கு ஒரு வேடிக்கையான சோதனை வைத்தது. நூல் அச்சேறிய 1967இன் இறுதியில் புவி இயற்பியலாளர்கள் மெக்கன்சியும் பார்க்கரும், அடுத்த ஆண்டு மார்கனும் லெ பிஷோனும் வெளியிட்ட ஆய்வுரைகள்தான் புவித்தட்டுக் கோட்பாட்டை நிலைநிறுத்தின. பாடத்துறை தன் வரலாற்றின் மிகப் பெரிய திருப்பத்தைக் காணும் வேளையில், அதன் முதல் பெரிய நல்கை செலவாகி முடிந்துகொண்டிருந்தது. தட்டு நகர்வை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல இன்னொரு நல்கை தேவைப்பட்டது. தேசிய நிலவியல் ஆசிரியர் சங்கம் நடத்திய புவியோட்டுப் பரிணாமக் கல்வித் திட்டம் 1970களின் பிற்பாதியில்தான் வந்தது. ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளி. நல்கை முடிந்தபின் நூலைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு நல்கை முறையில் விடை இல்லை.

ஆசிரியர் பக்கமும் இதே கதைதான். 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், மாநிலங்கள் ஈடான தொகை போட்டால் ஆய்வகக் கருவிகள் வாங்க உதவியது. மணல் தட்டை வாங்கிவிடலாம். நீர் விட்டபின் மாணவர் கேட்கும் கேள்வியைத் தாங்கும் நிலவியல் படிப்பு ஆசிரியரிடம் இருக்கவேண்டுமே! அதற்கான கோடைக்காலப் பயிற்சிகளும் கூட்டாட்சி நல்கையை நம்பியே நடந்தன. நல்கையோ அரசியலை நம்பி இருந்தது. 1975இல் ‘மனிதன்: ஒரு பாடத்திட்டம்’ என்ற சமூக அறிவியல் பாடத்துக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினர் ஜான் கான்லன் கிளப்பிய எதிர்ப்பு, அறக்கட்டளையின் பாடத்திட்டப் பணி முழுவதன்மீதும் நிழல் படரவைத்தது. ரீகன் நிர்வாகத்தில் 1982இல் அறக்கட்டளையின் அறிவியல் கல்விப் பிரிவே கலைக்கப்பட்டது. 1983 ஏப்ரலில் பள்ளிக் கல்வியின் நிலை பற்றி எச்சரித்த ‘ஆபத்தில் ஒரு நாடு’ அறிக்கை வந்த பிறகு அது மறுபடி உருவாக்கப்பட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தில் அதிகம் ஆட்டம் காணாத இடம் நியூயார்க் மாநிலம். அங்கே ரீஜென்ட்ஸ் எனப்படும் மாநில அளவிலான உயர்நிலைப் பள்ளித் தேர்வுகளில் புவி அறிவியலுக்குத் தனித்தாள் உண்டு. பாறை வகை, நிலக்காலம், நட்சத்திர ஒளிர்வு எல்லாம் அடங்கிய குறிப்பு அட்டவணையைத் தேர்வறையிலேயே மாணவர் கையில் தந்துவிடுகிறார்கள். தேர்வு இருந்தால் ஆசிரியர் பணியிடம் இருக்கும்; பணியிடம் இருந்தால் பயிற்சிக்கு ஆள் வரும். இதை எந்தக் குறுகியகால நல்கையாலும் வாங்கமுடியாது.

1996இன் தேசிய அறிவியல் கல்வித் தரங்கள், புவி மற்றும் விண்வெளி அறிவியலை இயற்பொருள் அறிவியலுக்கும் உயிரறிவியலுக்கும் இணையாக வைத்தன. அதே பத்தாண்டின் இறுதியில் அறக்கட்டளையின் பணத்தில் புவியமைப்புக் கல்விக்கான மின்னூலகம் ஒன்று உருவானது. 2002இல் கல்லூரி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டம் ஒன்று, மின்னசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியிலுள்ள மையத்தின் துணையோடு வேறு வழியில் போனது. புதுப் பாடநூல் எதையும் அது எழுதவில்லை. ஆசிரியர்கள் ஏற்கெனவே தங்கள் வகுப்பில் நடத்திவந்த பயிற்சிகளைக் கேட்டு வாங்கி, சக ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட்டு, எல்லோருக்கும் திறந்து வைத்தது.