பெரிய பாக்கெட் மட்டும் ஏன் தொலைகிறது?

சில வருடங்களுக்கு முன், வீட்டிலிருந்தபடி ஆபீஸ் சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிங் போகிறது, லாகின் ஆகிறது. பெரிய ஃபைல் எதையாவது திறந்தால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடும். முந்தின நாள் அந்த சர்வரில் கை வைத்தது டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி. "நீதான் என்னத்தையோ மாத்திட்டே"ன்னு திட்டிவிட்டேன். பிறகு காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

ஈதர்நெட்டில் ஒரு ஐபி பாக்கெட் வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட். இந்த உச்ச அளவுக்குத்தான் எம்டியூ என்று பெயர். வழியில் எங்காவது இந்த அளவு குறைந்தால்? ஆரம்பத்தில் ரவுட்டரே பாக்கெட்டைத் துண்டு போட்டு அனுப்பியது. ஒரு துண்டு தொலைந்தாலும் முழுசும் வீண். இது கெடுதல் என்று கென்ட்டும் மோகுலும் 1987ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

1990 நவம்பரில் மோகுலும் டீரிங்கும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1191 வந்தது. "துண்டு போடாதே" என்று குறியிட்டு அனுப்ப வேண்டும். பாக்கெட் நுழையாத இடத்தில் ரவுட்டர் அதைக் கைவிட்டு, "இங்கே இவ்வளவுதான் போகும்" என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். இதை முதலில் சொன்னவர் ஜெஃப் கூப்பர். அவர் இரண்டு சின்னப் பத்திகளில் சொன்னதை மறுபடி கண்டுபிடிக்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது!

ஆனால் அந்த ஒரு செய்தி வராவிட்டால் எல்லாமே போச்சு. பாதுகாப்பு என்று சொல்லிப் பலர் ஃபயர்வாலில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்தார்கள். 1999ல் பிபிபிஓஇ ஆர்.எஃப்.சி. வந்தது. அதன் ஹெடருக்கு 8 பைட் போக மிச்சம் 1492. சின்ன பாக்கெட் போகும், பெரியது சத்தமில்லாமல் மறையும். 2000ல் வந்த ஆர்.எஃப்.சி. 2923 இதைக் கருந்துளை என்றே குறிப்பிட்டது.

சர்வீஸ் புரொவைடர்களுக்கு இன்னொரு தலைவலி எம்பிஎல்எஸ். லேபிள் ஒன்றுக்கு 4 பைட் கூடும். அதனால் உள் இணைப்புகளில் எம்டியூவைக் கூட்டி வைக்கிறார்கள். நடுவிலிருக்கும் ரவுட்டருக்கு அனுப்பியவரிடம் திரும்பும் வழியே தெரியாமல் இருக்கலாம். 2001ல் வந்த ஆர்.எஃப்.சி. 3032 இதற்கு ஒரு வழி சொன்னது: ஐசிஎம்பி செய்தியை அதே லேபிளோடு முன்னோக்கியே தள்ளு, மறுமுனை ரவுட்டர் அதைத் திருப்பி அனுப்பிக்கொள்ளும்.

2007ல் வந்த ஆர்.எஃப்.சி. 4821 வேறு பாதை காட்டியது. நடுவிலிருப்பவர் சொல்வார் என்று காத்திருக்காதே. நீயே பெரிய பாக்கெட்டை அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்தால் அதுதான் அளவு.

என் கதைக்கு வருகிறேன். அந்த வாரம்தான் வீட்டுக்குப் புது பிராட்பேண்ட் மாற்றியிருந்தேன்: 1492. "அளவைக் குறை" என்ற செய்தி ஆபீஸ் ஃபயர்வால் வரை ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. அங்கே ஐசிஎம்பியை அடைத்து வைத்திருந்தது யார்? இரண்டு வருடம் முன்பு, நானேதான்.

அந்த விதியைத் திருத்திவிட்டு, தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, எனக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சுது" என்றான். அதற்கப்புறம் ஐசிஎம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு அடைப்பதில்லை. ஆளைத் திட்டுவதற்கு முன்னால் பாக்கெட் அளவைப் பார்த்துவிடுகிறேன்.